எங்கள் வீட்டில் ஒரு பாய்ப்படகு

உங்கள் வீட்டில் என்னென்ன வண்டி இருக்கிறது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? சைக்கிள், ஸ்கூட்டர், வசதி இருந்தால் கார். எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள், ஒரு மொபெட், ஒரு பாய்ப்படகு! இதைச் சொன்னதும் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம், "ஏம்மா, நீங்க இருக்கிறது வேடந்தாங்கல். அந்த ஏரியிலே படகு விடக் கூடாதே?" என்று கேட்கிறார்கள்.

வாஸ்தவம்தான். வேடந்தாங்கல் ஏரி பறவைகளுக்குச் சொந்தம். அங்கே படகும் கிடையாது, பட்டாசும் கிடையாது. எங்கள் படகு இருப்பது என் தாய் வீட்டுப் பக்கம். மதுராந்தகம் போய், செய்யூர் பஸ் பிடித்து, அதற்கும் கிழக்கே போனால் கடலுக்கு இந்தப் பக்கம் ஓதியூர் ஏரி வரும். பெயர்தான் ஏரி. உண்மையில் அது உப்பங்கழி. மழைக் காலத்தில் தண்ணீர் இனிக்கும், வெயில் காலத்தில் கரிக்கும். பல இடங்களில் இடுப்பளவு ஆழம்தான். முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறதே, அதே நீர்தான். பாண்டிச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

அங்கே கரையோரத்தில், கீற்றுக் கொட்டகைக்குக் கீழே, இரண்டு மர முக்காலிகள் மேல் கவிழ்ந்து கிடக்கும் மரப்படகுதான் எங்களுடையது. நீளம் பதினோரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. பாய்மரத்தையும் மற்றதையும் எடுத்துவிட்டால் எடை 45 கிலோ. ஒரு மூட்டை அரிசி ஆளுக்குப் பாதி தூக்குகிற மாதிரி, நானும் என் பெண்ணும் சேர்ந்து தூக்கிவிடுவோம். எஞ்சின் இல்லை, டீசல் செலவு இல்லை. சிவப்புப் பாய் ஒன்று, அதற்கு முன்னால் சின்னப் பாய் ஒன்று, ஒரு சுக்கான், ஒரு ஜோடித் துடுப்பு. அவ்வளவுதான்.

தையல் போட்ட படகு

படகைக் கட்டியவர் என் அண்ணன். சென்னையில் ஒரு பட்டறையில் தச்சு வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பி வந்ததும், யாரிடமோ வாங்கி வைத்திருந்த வரைபடத்தைப் பிரித்து, பிளைவுட் பலகைகளை அறுக்க ஆரம்பித்தார். நான் பார்க்கும்போது பலகைகளின் ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, செப்புக் கம்பியால் இழுத்து இழுத்து முறுக்கிக்கொண்டிருந்தார். "என்னண்ணே, ரவிக்கை தைக்கிற மாதிரி தைக்கிறே?" என்றேன். "அதேதான். வெட்டுத் துணி சரியா இருந்தா, சேர்த்துத் தைச்சா தானா வளையும்" என்றார். தைத்து முடித்ததும் உள்பக்க மூட்டுகளில் கண்ணாடி நார் நாடாவை ஒட்டி, ரெசின் பூசிவிட்டார். நான்கைந்து தட்டைப் பலகைகள் சேர்ந்து வயிறு உப்பிய படகாகிவிட்டன!

இந்த மாதிரிப் படகுக்கு ஒரு கதை இருக்கிறது. 1960களின் ஆரம்பத்தில் இங்கிலாந்தில் பாய்ப்படகு என்றால் பணக்காரர் சமாசாரம். அப்போது 'டெய்லி மிரர்' என்ற பத்திரிகை, சாமானியக் குடும்பமும் வாங்கும்படி ஒரு படகு வேண்டும் என்று நினைத்தது. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், டெலிவிஷனில் வீட்டு மராமத்து சொல்லிக்கொடுத்த பாரி பக்னெல் என்பவரும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். 1963-ல் விற்பனைக்கு வந்தது. விலை 63 பவுன் சொச்சம். பலகை, கம்பி, பாய் எல்லாவற்றையும் கட்டாக வாங்கிக்கொண்டு போய், வீட்டுக் கூடத்திலேயே வைத்துக் கட்டினார்களாம். இதுவரை 70,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். பத்திரிகையின் பெயரே படகுக்கும் நிலைத்து, 'மிரர்' ஆகிவிட்டது. சிவப்புப் பாய் அதன் அடையாளம்.

படகைத் தைக்கிற வித்தை நமக்குப் புதிதல்ல. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன், கப்பலில் வந்தவர்களையும் சாமான்களையும் அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அவற்றில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது பலகை வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த படகு அங்கே உடைந்து போகும். கட்டுமரமோ பெயரிலேயே சொல்லிவிடுகிறது. மரங்களைக் கட்டினால் கட்டுமரம். உலகம் முழுக்க ஜோடிப் படகுகளைச் சேர்த்துக் கட்டிவிட்டு 'கட்டமரான்' என்கிறார்களே, அது நம் மாமல்லபுரக் கடற்கரையிலும் புழங்குகிற தமிழ் வார்த்தைதான். என் சின்ன வயதில் முக்கோணப் பாய் கட்டிய கட்டுமரங்கள் விடியற்காலையில் வரிசையாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் எஞ்சின் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கண்ணாடி நார்ப் படகுகள் நிறைய வந்தன. பாய் கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது.

வீட்டில் எழுந்த எதிர்ப்பு

அண்ணனுக்கு மூட்டு வலி வந்து, படகில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் போனது. "நீ எடுத்துக்கிறியா? இல்லேன்னா கரையான் தின்னுடும்" என்று கேட்டார். எனக்கு அப்போது வயது 41. என் பெண்ணுக்கு 12. அவள் "எடுத்துக்கலாம்மா!" என்று குதித்தாள். என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாததற்குக் காரணம் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை தண்ணீரில் போயிருக்கிறான். என் நாத்தனார் மகன், பதினான்கு வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நண்பர்களோடு ஏரியில் இறங்கினான். மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர். உள்ளே மண் எடுத்த பள்ளம். அவனுக்கு நீச்சல் தெரியாது. கூட இருந்த மூன்று பேருக்கும் தெரியாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர் என்றாலே தடை. ஆடிப் பெருக்குக்குக்கூட ஆற்றங்கரைக்குப் போவதில்லை.

என் மாமியார் சொன்னது இதுதான்: "தண்ணிக்கும் நமக்கும் ராசியில்லேம்மா. ஒரு புள்ளையைக் குடுத்தாச்சு. இன்னொண்ணையும் கொண்டு போய் நிறுத்தாதே."

அந்த அம்மாளின் துக்கத்துக்கு முன்னால் எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது ஒன்று தோன்றியது. எங்களைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர். வேடந்தாங்கல் ஏரி, மதுராந்தகம் ஏரி, கிணறு, கால்வாய், பாலாறு, அப்பால் கடல். இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் வளரும் பெண்ணைத் தண்ணீர் பக்கமே போகாதே என்று எத்தனை நாள் காவல் காக்க முடியும்? என் அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரியாது, என் பெண்ணுக்கும் தெரியாது. பித்தளைப் பாத்திரம் மாதிரி பயமும் அம்மாவிடமிருந்து பெண்ணுக்குச் சீராக வந்துகொண்டே இருக்கிறது!

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறக்குறைய கால் பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2021-ல் அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும், தண்ணீரில் ஜாக்கிரதையாக இருக்கும் முறையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை.

மறுநாள் அத்தையிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அத்தை, அன்னிக்கு அந்தப் புள்ளைங்க நாலு பேர்ல ஒருத்தனுக்கு நீச்சல் தெரிஞ்சிருந்தா?" அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை.

முதலில் நீச்சல்

"படகு அப்புறம். நீச்சல் முதல்ல" என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாற்பது வயதுக்கு மேல் நீச்சலா என்று கூச்சப்படாதீர்கள். எங்கள் பக்கத்து வயலில் பம்ப்செட் தொட்டி இருக்கிறது, நெஞ்சளவு ஆழம். மத்தியானம் ஆண்கள் யாரும் இல்லாத நேரத்தில், சுடிதார் போட்டுக்கொண்டு நானும் பெண்ணும் இறங்கினோம். அந்தக் காலத்தில் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டுவார்கள். நாங்கள் மூடி இறுகிய பிளாஸ்டிக் கேன் கட்டிக்கொண்டோம். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் கரையில் கயிற்றோடு காவல்; அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும்.

முதலில் பழகியது மூச்சை அடக்கித் தலையை முக்குவது. அடுத்தது மல்லாந்து மிதப்பது. உடம்பை விறைக்காமல் விட்டால் தண்ணீர் தானாகத் தூக்குகிறது என்பது புரிந்த அன்றைக்குப் பாதிப் பயம் போய்விட்டது. என் பெண் இருபது நாளில் நீந்திவிட்டாள். எனக்கு மூன்று மாதம் ஆனது. போனால் போகிறது, சமையலை விடவா சிரமம்?

பறவைகள் சொல்லித் தந்த பாடம்

"காத்து எங்கேயிருந்து வருதுன்னு சொல்லு. அப்புறம் படகுல ஏறலாம்." இது அண்ணன் வைத்த இரண்டாவது பரீட்சை. வீட்டுக்குள்ளேயே இருந்து பழகிய நமக்குக் காற்று வருகிறதா, மின்விசிறி போட வேண்டுமா என்பதுதான் தெரியும். எந்தத் திசையிலிருந்து என்று யார் பார்க்கிறோம்?

இதற்கு எனக்குக் குருவாக வந்தவை வேடந்தாங்கல் பறவைகள். 1798-லேயே, லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் காலத்தில், இந்தப் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று ஊரார் உத்தரவு வாங்கி வைத்தார்களாம். 2022-ல் இது ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. நவம்பர் முதல் மார்ச் வரை கரையில் நின்றால் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, நீர்க்காகம், கரண்டிவாயன் என்று மரமெல்லாம் பறவை. நான் கவனித்தது இது: மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவைகள் பெரும்பாலும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும். காற்று முகத்தில் அடிக்கும்படி! முதுகுப் பக்கம் அடித்தால் இறகு கலைந்துவிடுமே. கனமான கூழைக்கடா இறங்கும்போதும் காற்றுக்கு எதிராகத் திரும்பித்தான் இறங்கும். எதிர்க்காற்று அதன் வேகத்தைக் குறைக்கிறது. ஒரு வாரம் பார்த்த பிறகு, அடுப்படி ஜன்னல் வழியாகத் தெரியும் மரத்துக் கொக்கைப் பார்த்தே காற்றின் திசையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று நம் பெரியவர்கள் நான்குக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். மீனவர்கள் மேற்குக் காற்றைக் கச்சான் என்பார்கள். எங்கள் கடற்கரையில் கோடை நாளில் காலையில் தரையிலிருந்து காற்று. மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று. காரணம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. தோசைக்கல் சீக்கிரம் காயும். பக்கத்து அடுப்பில் வைத்த தவலைத் தண்ணீர் மெதுவாகத்தான் காயும். வெயிலில் தரை தோசைக்கல் மாதிரி காய்கிறது, கடல் தவலை மாதிரி. தரைக்கு மேலே உள்ள காற்று சூடாகி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. நாங்கள் காலைக் காற்றில்தான் படகு எடுப்போம். சாயங்காலக் காற்று பழகினவர்களுக்கு.

காற்றை எதிர்த்து எப்படிப் போவது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு போகும், சரி. திரும்பி வருவது எப்படி?

படகின் நடுவில் ஒரு பிளவு இருக்கிறது. அதன் வழியாக ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவோம். காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளும். தண்ணீருக்குள் இருக்கும் பலகை பக்கவாட்டில் நகர விடாது. இரண்டு பக்கமும் நெருக்கினால் என்ன ஆகும்? குளிக்கும்போது ஈரச் சோப்பைக் கையில் அழுத்திப் பிடித்தால் முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடுமே, அந்த மாதிரி படகு முன்னால் ஓடுகிறது. காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாய்ப்படகும் போகாது. கொஞ்சம் சாய்வாகப் போய், திரும்பி, மறுபடி அந்தப் பக்கம் சாய்வாகப் போக வேண்டும். ஏற்காடு மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறுகிற மாதிரிதான். ஒவ்வொரு வளைவிலும் பாயின் அடிக்கம்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். அப்போது தலையைக் குனிய வேண்டும்.

பாயைப் பிடிக்கும் கயிறு நம் கையில் இருக்கும். அண்ணன் சொன்ன முக்கியமான பாடம்: "பயமா இருந்தா கயித்தை விட்டுடு. கட்டி வைக்காதே." கயிற்றை விட்டால் பாய் கொடி மாதிரி படபடக்கும், படகு நின்றுவிடும். இதை நான் பலருக்கும் சொல்லுவேன். ஏனென்றால் பயத்தில் நம் கை தானாகக் கயிற்றை இறுக்கிப் பிடிக்கத்தான் பார்க்கும்.

அப்புறம் கவிழ்க்கிற பயிற்சி! வேண்டுமென்றே படகைக் கவிழ்க்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ஒரே நாளில் எட்டு முறை கவிழ்த்தோம். படகின் உள்ளேயே காற்று அறைகள் இருப்பதால் அது மூழ்காது. அந்த நடுப்பலகையைப் பிடித்து, மேலே ஏறி நின்று பின்னால் சாய்ந்தால் படகு மெதுவாக நிமிர்ந்துவிடும். அப்புறம் வாளியால் தண்ணீரை இறைக்க வேண்டியதுதான். எட்டாவது முறை என் பெண் தனியாகவே நிமிர்த்தினாள். "கவிழ்ந்தா படகை விட்டுட்டுக் கரைக்கு நீந்தாதே. படகைப் பிடிச்சிக்கிட்டே இரு" என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

படகுக்கும் உண்டு வீட்டு வேலை

மரப்படகைப் பராமரிப்பது பெரிய வித்தை என்று பயப்பட்டேன். பார்த்தால் எல்லாம் நமக்குத் தெரிந்த வேலைதான்.

உப்புத் தண்ணீரில் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் பாயை அலசி, நிழலில் உலர்த்துகிறேன். பாலியஸ்டர் துணியானாலும் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் இற்றுப்போகும். கசக்கிச் சுருட்டாமல், பட்டுப் புடவை மாதிரி ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் மடிக்க வேண்டும். எலி கடிக்காமல் பாய் வீட்டுப் பரணுக்கு வந்துவிடும். தையல் விட்டுப் போனால் என் தையல் மெஷினிலேயே, கெட்டியான பாலியஸ்டர் நூல் போட்டு, ஒட்டுத் துணி வைத்து அடித்துவிடுகிறேன். இரண்டு வரிசையாக அடிக்க வேண்டும்.

படகை எப்போதும் கவிழ்த்தே வைக்கிறோம். நிமிர்த்தி வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கும். மரமும் அழுகும், கொசுவும் முட்டையிடும். டெங்கு பரப்புகிற கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். தரையில் வைக்காமல் முக்காலி மேல் வைப்பது கரையானுக்காக. வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடிக்கிறோம். எங்கே பெயின்ட் உப்பியிருக்கிறதோ அங்கே உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சுரண்டி, காயவிட்டு, அப்புறம்தான் பூச வேண்டும். இந்த ஒரு நாள் வேலைக்கு என் வீட்டுக்காரரும் வந்துவிடுவார்.

உடம்புக்கு என்ன லாபம் என்று கேட்டால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காற்றுக்கு ஏற்பச் சாய்ந்து சாய்ந்து உட்காருவதில் வயிற்றுக்கும் தொடைக்கும் நல்ல வேலை. கயிறு இழுப்பதில் தோளுக்கு வேலை. திரும்பி வந்த அன்றைக்கு ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். இரண்டு மணி நேரம் வேறு எந்தக் கவலையும் நினைவுக்கு வராது. காற்றைக் கவனிக்கவே நேரம் போதாது.

பெண்களுக்குப் பொருந்துமா?

ஊரில் சிலர் "பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்கிறார்கள். ஓதியூர் கழியில் வந்து பார்த்தால் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் நாளெல்லாம் நின்று, கையால் தடவித் தடவியே இறால் பிடிக்கும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். தண்ணீர் அவர்களுக்கு அடுப்படி மாதிரி. சங்க காலத்தில், கரிகாலனின் முன்னோர் காற்றை வசப்படுத்திக் கடலில் கப்பல் ஓட்டினார்கள் என்று புறநானூற்றில் பாடியவரே ஒரு பெண்தான், வெண்ணிக்குயத்தியார்.

இன்றைக்குப் பாருங்கள். சென்னைப் பெண் நேத்ரா குமணன். பன்னிரண்டு வயதில் ஒரு கோடைக்கால முகாமில் முதல் முறை பாய்ப்படகில் ஏறியவர். பாய்ப்படகுப் போட்டியில் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸிலும், 2024-ல் பாரிஸிலும் கலந்துகொண்டார். இன்னொருவர் புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி. அவரும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவுமாக இரண்டே பெண்கள், 'தாரிணி' என்ற பாய்க்கப்பலில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகத்தையே சுற்றி, 2025 மே 29-ஆம் தேதி திரும்பினார்கள். எட்டு மாதம்! காற்றுதான் அவர்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. அவர்களோடு பார்த்தால் எங்கள் பதினோரு அடிப் படகு குழந்தை விளையாட்டு. ஆனால் பாய் ஒன்றுதான், பாடமும் ஒன்றுதான்.

படகு இல்லாத சகோதரிகளுக்கும்...

எல்லாரும் படகு வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றி எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சிலவற்றை நான் படகால் கற்றுக்கொண்டேன்.

* தவழும் குழந்தை உள்ள வீட்டில் வாளித் தண்ணீர்கூட ஆபத்து. உபயோகித்ததும் கவிழ்த்து வையுங்கள். தொட்டிக்கும் கிணற்றுக்கும் மூடி அவசியம்.

* படகுத்துறைக்குப் போனால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். குழந்தைக்குக் குழந்தை அளவு வேண்டும். போட்டு வாரைக் கட்டியபின் தோள் பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். முகவாய்க்கு மேலே ஏறினால் அது பெரிய அளவு.

* புடவையோடு தண்ணீரில் இறங்கினால் காலைச் சுற்றிக்கொள்ளும். நீச்சலுக்கும் படகுக்கும் சுடிதார்தான் சௌகரியம்.

* யாராவது மூழ்கினால் நீங்கள் குதிக்காதீர்கள். மூழ்குகிறவர் பயத்தில் உங்களையும் பிடித்து அமுக்கிவிடுவார். கரையில் இருந்தபடி கழியை நீட்டுங்கள்; கயிறு, மூடிய காலி கேன், எது கிடைத்தாலும் எறியுங்கள். ஒன்றும் இல்லையென்றால் புடவை இருக்கிறது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கே துணி துவைக்க வந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து எறிந்து இரண்டு பேரைக் காப்பாற்றினார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்துக் கௌரவித்தது. மானம் பெரிதா, உயிர் பெரிதா என்று அந்தப் பெண்கள் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை.

* தண்ணீரிலிருந்து எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பதும் தவறு. மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே 30 முறை அமுக்கி, 2 முறை ஊதி, இப்படியே விடாமல் செய்ய வேண்டும். கூட இருப்பவர் 108-க்குப் போன் செய்யட்டும். எங்கே முதலுதவி வகுப்பு நடந்தாலும் போய் ஒரு தடவை செய்து பழகிக்கொள்ளுங்கள். படித்தால் மட்டும் போதாது.

என் மாமியார் இன்றுவரை படகில் ஏறியதில்லை. கரைக்குக்கூட வந்ததில்லை. நாங்களும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் போன வருஷம் மே மாதம் என் நாத்தனார் தன் இரண்டாவது மகனை விடுமுறைக்கு எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். பத்து வயது. "இவனுக்கும் நீச்சல் சொல்லிக்குடுங்க அண்ணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார், மேலே பேச முடியவில்லை. என் பெண்தான் அவனைப் பம்ப்செட் தொட்டிக்கு அழைத்துப் போனாள்.

அவர்கள் கிளம்பும்போது அத்தை திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "கேன் இறுக்கமா கட்டினியா? எங்கே, காட்டு." முடிச்சைத் தன் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, "ம், போய்ட்டு வாங்க" என்றார். இருபத்திரண்டாவது நாள் அந்தப் பையன் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கேன் இல்லாமல் நீந்தினான்.